நகர மரங்களின் தலையெழுத்து எந்த மேசையில் எழுதப்படுகிறது?

கேட்கப்பட்டது இதுதான்: "மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் பல நகரங்களில் இருக்கிறது. ஆனாலும் பெரிய மரங்கள் குறைந்துகொண்டே போகின்றன. ஏன்? நகரத் திட்டத்திலும் கட்டிட விதிகளிலும் எதை மாற்றினால் அவை நிற்கும்? சாதாரணக் குடிமகன் கட்டிட வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?"

மரம் வெட்டும் அனுமதிக்கான விண்ணப்பம் அதிகாரியின் மேசைக்கு வரும்போது அந்த மரத்தின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதுதான் முதல் பகுதிக்கான பதில். நிலம் வாங்கியாகிவிட்டது, வங்கிக் கடன் வந்துவிட்டது, வரைபடம் ஒப்புதல் பெற்றுவிட்டது, கடைக்கால் எங்கே வரும் என்று சுண்ணாம்புக் கோடும் போட்டாகிவிட்டது. அந்தக் கோட்டுக்கு நடுவே மரம் நிற்கிறது. இந்த நிலையில் "வெட்டாதே" என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. சொன்னாலும் மேல்முறையீட்டில் நிற்காது. அவர் செய்யக்கூடியதெல்லாம் "பதிலுக்குப் பத்துக் கன்று நடு" என்று எழுதிக் கையெழுத்திடுவதுதான்.

இங்கிலாந்தின் சட்டத்தைப் பாருங்கள். நகர்ப்புற மரங்களைக் காப்பதில் நீண்ட பாரம்பரியம் உள்ள நாடு அது. 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்திலிருந்தே மரப் பாதுகாப்பு ஆணை என்ற கருவி உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. ஆணை போடப்பட்ட மரத்தை அனுமதியின்றி அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஆனால் அதே சட்ட அமைப்பில், ஒரு கட்டிடத்துக்கு முழுமையான திட்ட அனுமதி கிடைத்துவிட்டால், அதைக் கட்டுவதற்கு எந்த மரம் தடையோ அந்த மரத்தை வெட்டத் தனி அனுமதி தேவையில்லை. திட்ட அனுமதி மரப் பாதுகாப்பு ஆணையை மீறி நிற்கும். இதைச் சட்டத்தின் ஓட்டை என்று சொல்லிவிட முடியாது. கட்டலாம் என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டு மறுகையால் தடுப்பது முறையாகாது என்பதே அதன் நியாயம். அப்படியானால் மரத்தைப் பற்றிய வாதம் நடக்க வேண்டிய இடம் கட்டிட அனுமதி மேசை. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கும் முன்னால், கட்டிடக் கலைஞர் முதல் கோட்டை வரையும் மேசை.

பெரும்பாலான நகரங்களில் அந்த மேசைக்குப் போகும் அளவை வரைபடத்தில் மரமே இருக்காது. எல்லைக்கல், சாலை, மின்கம்பம், கிணறு எல்லாம் இருக்கும். அறுபது ஆண்டு வயதான மரம் மட்டும் வெற்றிடமாக இருக்கும். வரைபவருக்குத் தெரியாத பொருளைச் சுற்றி அவர் வளைந்து வரைய மாட்டார். ஆகவே முதல் விதி செலவே இல்லாத விதி: குறிப்பிட்ட பருமனுக்கு மேலான ஒவ்வொரு மரமும், அடுத்த மனையில் நின்று வேரையும் கிளையையும் இங்கே நீட்டியிருக்கும் மரம் உட்பட, அளவை வரைபடத்தில் இடம்பெற வேண்டும். இடம்பெறாத விண்ணப்பத்தைப் பரிசீலிக்காமலே திருப்பி அனுப்ப வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்யும் முறைக்கு நல்ல முன்மாதிரி பிரிட்டனின் பிஎஸ் 5837 என்ற தரநிலை. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதன்படி, வடிவமைப்பு தொடங்கும் முன்பே மரவியலாளர் நிலத்தில் நடந்து ஒவ்வொரு மரத்தையும் தரம் பிரிக்கிறார். இன்னும் 40 ஆண்டுக்கு மேல் வாழத்தக்க, உயர்ந்த தரமுள்ள மரம் 'ஏ'. குறைந்தது 20 ஆண்டு வாழக்கூடியது 'பி'. தரம் குறைந்தது, அல்லது 15 சென்டிமீட்டர் தடிமனைக்கூட எட்டாத இளமரம் 'சி'. பத்து ஆண்டுகூடத் தாங்காதது 'யூ'. இந்தப் பிரிவினையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. எல்லா மரமும் புனிதம் என்று அது சொல்லவில்லை. 'சி' மரத்துக்காகக் கட்டிடத்தை வளைக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் 'ஏ' மரத்துக்காக அது வளையச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பேன் என்று கிளம்பும் விதி, பேரம் பேசும் நேரத்தில் எதையுமே காப்பதில்லை.

அடுத்தது மண். நான் பார்த்த விதிகளில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான்.

சட்டங்கள் பொதுவாக அடிமரத்தைக் காக்கின்றன. மரம் வாழ்வதோ தரைக்குள். வேர் ஆழமாக இறங்கி நங்கூரம் போட்டிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டுமானப் பொறியாளர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்கள் அதிலும் மேலாகப் படர்ந்திருக்கும். பக்கவாட்டில் அவை கிளைகளின் எல்லையைத் தாண்டியும் போகும். காரணம் காற்று. வேரும் மூச்சுவிட வேண்டும், ஆக்சிஜன் மேல்மண்ணில்தான் தாராளமாகக் கிடைக்கும்.

கட்டுமானத் தளத்தில் அந்த மேல்மண்ணுக்கு என்ன நடக்கிறது? கல் ஏற்றிய லாரி நாலைந்து முறை போய்வந்தாலே மண்ணின் இடைவெளிகள் நசுங்கிவிடும். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் சில ஓட்டங்களிலேயே ஏற்பட்டுவிடுகிறது. பிறகு காற்றும் போகாது, நீரும் இறங்காது. சிமெண்ட் கலவை இயந்திரத்தைக் கழுவிய நீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். தரைமட்டத்தை உயர்த்துகிறோம் என்று ஒரு முழம் மண்ணைக் கொட்டினால் அடியில் இருக்கும் வேர் மூச்சுத் திணறும். ஓரமாகச் சாக்கடைக்கு வாய்க்கால் தோண்டினால் ஒரு பக்கத்து வேர் முழுவதும் போச்சு. இவ்வளவும் நடந்த பிறகும் மரம் பச்சையாகவே நிற்கும். பணி நிறைவுச் சான்றிதழ் கொடுக்க வரும் அதிகாரி அதைப் பார்த்து 'மரம் பாதுகாக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போவார். உச்சிக் கிளை காயத் தொடங்குவது மூன்றாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ. அதற்குள் ஒப்பந்ததாரர் வேறு தளத்தில் இருப்பார், குடியேறியவர்களோ "வயசான மரம், பட்டுப்போச்சு" என்பார்கள்.

இதற்கான மருந்து ஓர் எளிய கணக்கு. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்கினால் வருவது, தொடக்கூடாத வட்டத்தின் ஆரம். பிரிட்டனின் தரநிலையும் ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 4970 தரநிலையும் இதே பெருக்கலைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் ஆரத்துக்கு 15 மீட்டர் உச்சவரம்பு உண்டு. அரை மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 6 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 113 சதுர மீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள மரம் என்றால் 450 சதுர மீட்டருக்கும் மேல். மிகப் பழைய, பொந்து விழுந்த மூதாதை மரங்களுக்கு இங்கிலாந்து அரசின் அறிவுரை இன்னும் கறாரானது: விட்டத்தைப் போல 15 மடங்கு, அல்லது கிளை விளிம்பிலிருந்து 5 மீட்டர், இரண்டில் எது பெரிதோ அது.

இந்த எண்களைக் கேட்டவுடன் நிலத்துக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். நியாயம்தான், சிறிய மனையாக இருந்தால் வட்டமே மனையை விழுங்கிவிடும். அதனால்தான் இந்த வட்டம் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும். தாளில் இருந்தால் வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம், ஒரு பக்கம் குறைந்ததை மறுபக்கத்தில் ஈடுகட்டலாம். ஆஸ்திரேலியத் தரநிலையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, வட்டப் பரப்பில் 10 விழுக்காடு வரையிலான நுழைவைச் சிறிய நுழைவு என்று கருதி, இழந்ததை வேறு பக்கம் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. தொடர் அடித்தளத்துக்குப் பதில் ஆங்காங்கே தூண் இறக்கி மேலே உத்தரம் போட்டுக் கட்டினால் வேர்மண் பெருமளவு தப்பும். குழாயைத் திறந்த வாய்க்காலில் பதிக்காமல் வேருக்கு அடியில் துளையிட்டு இழுக்கலாம். இவையெல்லாம் வடிவமைப்புக் கட்டத்தில் சின்னச் செலவு. கடைக்கால் தோண்டிய பிறகோ எதுவுமே செய்ய முடியாது.

வட்டத்தைத் தாளில் வரைந்தால் மட்டும் போதாது, தரையில் வேலி நிற்க வேண்டும். வேலி என்றால் நாலு குச்சி நட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா அல்ல. அதை முதல் நாளே லாரிக்காரர் ஓரமாக ஒதுக்கிவிட்டு மணலைக் கொட்டிவிடுவார். பிரிட்டனின் தரநிலை கேட்பது சாரக் குழாய்களை நட்டு, அவற்றில் இரும்பு வலைச் சட்டங்களை அசையாமல் பொருத்திய வேலி. முதல் ஜேசிபி உள்ளே வரும் முன் வேலி நின்றாக வேண்டும், கடைசி வண்டி வெளியேறும்வரை நிற்க வேண்டும். வேலியைப் படம் எடுத்து அனுப்பினால்தான் வேலை தொடங்க உத்தரவு என்று ஒரு வரி அனுமதிக் கடிதத்தில் இருந்தால், அது பல பக்க மரப் பாதுகாப்புக் கொள்கையைவிட அதிகமாகச் சாதிக்கும்.

இன்னொரு கொலையாளி தரைக்கீழ் வாகன நிறுத்தம். வீட்டுக்கு இத்தனை கார் என்று குறைந்தபட்ச அளவை விதி கட்டாயமாக்குகிறது. அதை நிறைவேற்ற மனையின் எல்லைவரை பேஸ்மெண்ட் தோண்டுகிறார்கள். மேலே செட்பேக், அதாவது கட்டிடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, திறந்தவெளி மாதிரித்தான் தெரியும். அடியில் இருப்பதோ கான்கிரீட் கூரையும் அதன்மேல் ஒரு முழம் மண்ணும். அதில் புல் வரும், குரோட்டன்ஸ் வரும், மரம் வராது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2015இல் வெளியிட்ட அடுக்குமாடி வடிவமைப்பு வழிகாட்டி இதைச் சரியாகப் பிடித்தது. மனைப் பரப்பில் குறைந்தது 7 விழுக்காடு 'ஆழ்மண்' பகுதியாக, அதாவது மேலேயும் கீழேயும் கட்டுமானம் எதுவும் இல்லாத மண்ணாக இருக்க வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் அந்தத் துண்டின் அகலம் 6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சேர்த்தது. அந்த இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் சுற்றுச்சுவர் ஓரமாக அரை மீட்டர் கீற்றை நாலு பக்கமும் காட்டிக் கணக்கை முடித்துவிடுவார்கள். செட்பேக் தூரத்தை மட்டும் சொல்லி அடியில் என்ன இருக்கிறது என்று கேட்காத விதி, மரத்துக்கு எதுவும் தரவில்லை.

இனி வரம்பு. எந்தப் பருமனிலிருந்து மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு? நகரத்துக்கு நகரம் வேறுபடும். டொராண்டோவில் தனியார் நிலத்து மரத்துக்கு 30 சென்டிமீட்டர் விட்டம். வான்கூவரில் 20. பெர்லின் சுற்றளவைக் கணக்கிடுகிறது: 80 சென்டிமீட்டர், அதாவது விட்டத்தில் 25க்குச் சற்று மேல். சிங்கப்பூரில், 1991இல் அறிவிக்கப்பட்ட மரப் பாதுகாப்புப் பகுதிகளில், சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. வரம்பைத் தாழ்த்தினால் விண்ணப்பங்கள் குவிந்து அலுவலகம் திணறும். உயர்த்தினால் நாளைய பெரிய மரங்கள் இன்றே வெட்டுப்படும். எந்த எண்ணை வைத்தாலும், அந்த எண்ணை நெருங்கும் மரத்தை எட்டும் முன்பே வெட்டிவிடும் ஆசை நிலத்துக்காரருக்கு வரும். விதி தண்டனையை மட்டும் தந்தால் மரம் அவருக்கு எதிரி ஆகிவிடுகிறது.

ஆகவே தண்டனையோடு ஆதாயமும் சேர வேண்டும். 'ஏ' தர மரத்தைத் தக்கவைத்தால் ஒரு பக்கச் செட்பேக்கில் தளர்வு, அல்லது வாகன நிறுத்த எண்ணிக்கையில் கழிவு, அல்லது இழந்த தரைப்பரப்புக்கு ஈடாக மேலே ஒரு தளம். நகராட்சிக்கு இதில் காசு செலவில்லை, விதிப்புத்தகத்தில் இடம் கொடுத்தால் போதும். மரம் நிற்கும் மனைக்கு மரமில்லாத மனையைவிட அதிகமாகக் கட்ட முடிகிறது என்று ஆகிவிட்டால், ரியல் எஸ்டேட்காரரே மரத்துக்குக் காவல் இருப்பார்.

முன்கூட்டியே வெட்டிவிட்டு "காலி மனை" என்று விண்ணப்பிக்கும் தந்திரத்துக்கும் பதில் உண்டு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பெரிய திட்டங்கள் நிலத்தின் இயற்கை மதிப்பை 10 விழுக்காடு கூட்டிக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில், 2020 ஜனவரி 30க்குப் பிறகு அனுமதியின்றி நிலத்தை யாராவது சீரழித்திருந்தால், அந்தச் சீரழிவு நடக்காதது போலவே பழைய மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும். நேற்று வெட்டியதால் இன்று லாபம் இல்லை. பழைய செயற்கைக்கோள் படங்கள் கையில் இருக்கும் காலத்தில் இதை எந்த நகரமும் செய்யலாம். அதே நாட்டின் மரப் பாதுகாப்பு ஆணையில் இன்னொரு நல்ல நுணுக்கம்: ஆணை பிறப்பித்த உடனே தற்காலிகமாக அமலுக்கு வந்துவிடும், ஆட்சேபம் கேட்டு உறுதிசெய்ய ஆறு மாதம் அவகாசம். வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, மூன்று மாதம் கழித்து அமல்படுத்தும் மரச் சட்டம், அந்த மூன்று மாதத்தில் ரம்பங்களுக்கு நல்ல வேலை கொடுக்கும்.

ஈடாகக் கன்று நடுவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கணக்கைப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 2,827 சதுர சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் கன்றுக்கு 20கூட இல்லை. அந்த ஒரு மரத்துக்கு ஈடாக 144 கன்றுகள் வேண்டும், அத்தனையும் பிழைக்கவும் வேண்டும். 'ஒன்றுக்குப் பத்து' என்பது காதுக்குத் தாராளமாகக் கேட்கிறது, கணக்கில் ஏழு விழுக்காடுதான். டெல்லியில் இந்த ஒன்றுக்குப் பத்து விதி உண்டு. அதோடு 2020இல் மரங்களை வேரோடு இடம்பெயர்க்கும் கொள்கையையும் கொண்டுவந்தார்கள். பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டை இடம்பெயர்க்க வேண்டும், அவற்றில் 80 விழுக்காடு பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. 2022இல் உயர்நீதிமன்றத்தில் அரசே தாக்கல் செய்த கணக்கின்படி, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இடம்பெயர்த்தவற்றில் பிழைத்தது மூன்றில் ஒரு பங்கு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. முதிர்ந்த மரத்தைத் தோண்டி எடுக்கும்போது மண்ணுருண்டையோடு வருவது அதன் வேரில் சிறு பகுதிதான். கிரேனில் தொங்கும் மரத்தின் படம் நாளிதழில் அழகாக வரும், அவ்வளவே.

கன்றுக்கணக்கைவிடப் பணக்கணக்கு நன்றாக வேலை செய்கிறது. மெல்போர்ன் மாநகராட்சி தன் சாலை மரங்களுக்கு விலை வைத்திருக்கிறது. திட்டத்துக்காக மரம் அகற்றப்பட்டால் வெட்டுக்கூலி, மரத்தின் பொது மதிப்பு, சூழல் மதிப்பு, மறுநடவுச் செலவு எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும். பிரிட்டனில் இதற்கு கேவாட் என்ற மதிப்பீட்டு முறை பயன்படுகிறது. நல்ல மரம் ஒன்றின் மதிப்பு பெரிய தொகையாக வரும். அந்தத் தொகையைச் செலவுப் பட்டியலில் பார்த்ததும் பொறியாளரே "நுழைவாயிலை நாலு மீட்டர் தள்ளினால் என்ன?" என்று கேட்க ஆரம்பிப்பார். ஆனால் விலை தாழ்வாக இருந்தால் அதுவே வெட்டுவதற்கான கட்டணச் சீட்டு ஆகிவிடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் தவிர், முடியாவிட்டால் குறை, அதுவும் முடியாவிட்டால் மட்டும் ஈடு கட்டு. தவிர்க்க முயன்ற மாற்று வரைபடங்களை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். வரும் பணம் பொதுக் கணக்கில் கரையாமல், அதே வட்டாரத்தில் மண் தயாரித்து மரம் வளர்க்கவே போக வேண்டும்.

இதுவரை தனியார் நிலத்தைப் பற்றியே பேசினேன். நகரத்தின் மரங்களுக்கு நகராட்சியே பெரிய ஆபத்தாக இருப்பதும் உண்டு. ஷெஃபீல்டு நகரம் இதற்குச் சாட்சி. 2012இல் அந்த மாநகராட்சி சாலைப் பராமரிப்பை 25 ஆண்டு ஒப்பந்தமாகத் தனியாரிடம் கொடுத்தது. நகரில் சுமார் 36,000 சாலை மரங்கள். அதில் 17,500 மரங்களை மாற்றுவது என்ற எண் ஒப்பந்தத்திலேயே இருந்தது பிற்பாடுதான் வெளியே தெரிந்தது. வேர் நடைபாதையைத் தூக்குகிறது என்பதற்காக நல்ல மரங்களும் வெட்டுப்பட்டன. மக்கள் மரங்களுக்கு அடியில் நின்று மறித்தார்கள், கைதானார்கள். 2018இல் வெட்டு நிறுத்தப்படும்போது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயிருந்தன. 2023இல் வந்த விசாரணை அறிக்கை மாநகராட்சியைக் கடுமையாகச் சாடியது. எந்தத் திட்ட விதியும் இங்கே மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சாலை ஒப்பந்தத்தின் ஒரு பத்தியே போதுமாக இருந்தது. ஷெஃபீல்டு போராட்டங்களுக்குப் பிறகு, இங்கிலாந்தில் சாலை மரத்தை வெட்டுமுன் உள்ளாட்சிகள் மக்களைக் கலந்தாக வேண்டும் என்ற கடமை 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில் சேர்ந்தது. சாலை, குடிநீர், மின்கேபிள் ஒப்பந்தங்களையும் மர விதிக்குள் கொண்டுவராத நகரம் தன் வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பூட்டுகிறது.

சாலையில் புதிதாக நடும் மரத்துக்கும் விதி வேண்டும். ஒரு மீட்டர் சதுரக் குழியில், நாலு பக்கமும் கான்கிரீட்டுக்கு நடுவே நட்ட மரம் பத்துப் பதினைந்து ஆண்டில் குன்றிவிடும், இல்லையென்றால் நடைபாதையை உடைக்கும். டொராண்டோவின் பசுமைத் தரநிலை ஒரு மரத்துக்கு 30 கன மீட்டர் மண் கேட்கிறது. ஸ்டாக்ஹோம் நகரம் நடைபாதைக்கு அடியில் பெருங்கற்களை அடுக்கி, இடைவெளியில் மண்ணும் உயிர்க்கரியும் நிரப்பி, மழைநீரை அதற்குள் திருப்பிவிடுகிறது. மேலே வண்டி நிற்கலாம், அடியில் வேர் ஓடலாம். ஏற்கனவே கான்கிரீட் கழுத்தை நெரிக்கும் மரங்களுக்கு, டெல்லியில் 2013இல் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. ஒரு மீட்டர் போதாதுதான், என்றாலும் கழுத்தில் இருந்த கயிறு தளர்ந்தது.

நகரம் முழுமைக்குமான இலக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. மெல்போர்ன் 2012இல் தன் நிழற்பரப்பை, அதாவது மரக்கிளைகள் மூடும் நிலத்தின் பங்கை, 22 விழுக்காட்டிலிருந்து 2040க்குள் 40ஆக உயர்த்துவதாக அறிவித்தது. நகர வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 என்ற அளவுகோலும் பரவலாகிவருகிறது: எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் 3 மரம், ஒவ்வொரு வட்டாரத்திலும் 30 விழுக்காடு நிழற்பரப்பு, 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. இதில் 'ஒவ்வொரு வட்டாரத்திலும்' என்பதுதான் முக்கியம். நகரச் சராசரி ஏமாற்றும். அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்புக் கோடிட்டு, கடன் கொடுக்கத் தகாதவை என்று ஒதுக்கினார்கள். 37 நகரங்களை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வின்படி, அன்று சிவப்பில் விழுந்த பகுதிகளில் இன்று நிழற்பரப்பு சராசரியாக 23 விழுக்காடு, 'சிறந்த' பகுதிகளில் 43. இருக்கும் மரத்தை மட்டும் காக்கும் விதி, மரம் இருக்கும் வட்டாரத்துக்குத்தான் உதவும். இல்லாத வட்டாரத்துக்குத் தேவை வேர்விட மண்ணும் அதற்கென்று ஒதுக்கிய நிலமும்.

எதிர்வாதமும் கேட்கத்தக்கதே. மரப் பாதுகாப்பு வீடுகளின் விலையை ஏற்றும், கட்டுமானத்தை ஊருக்கு வெளியே தள்ளும், அங்கே இன்னும் அதிக மரம் போகும் என்பார்கள். சில நேரம் உண்மை. பக்கத்தில் அடுக்குமாடி வரக் கூடாது என்று நினைப்பவர்கள் திடீரென்று மர ஆர்வலர்கள் ஆவதையும் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தில் நடந்தது நல்ல பாடம். ஆக்லாந்து போன்ற நகரங்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மரம் எதுவாக இருந்தாலும் பொதுவான பாதுகாப்பு இருந்தது, கிளை கழிக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. செலவும் தாமதமும் காரணமென்று சொல்லி, 2009இல் நாடாளுமன்றம் நகர்ப்புறங்களில் அத்தகைய பொதுப் பாதுகாப்பையே சட்டத் திருத்தத்தால் ரத்து செய்தது. அதன்பின் தனித்தனியாகப் பட்டியலிட்ட மரங்களுக்கு மட்டுமே காப்பு, மற்ற தனியார் மரங்கள் நிலத்துக்காரர் விருப்பம். கவாத்து செய்யவும் மனு போடச் சொல்லும் விதி ஆயிரக்கணக்கான சாதாரண மக்களை எரிச்சலூட்டும். ஒருநாள் அந்த எரிச்சலே விதியைத் தூக்கி எறிந்துவிடும். இங்கிலாந்தின் பாரம்பரியப் பகுதிகளில் உள்ள ஏற்பாடு இதைவிட இலகுவானது: வெட்டப்போவதாக ஆறு வாரம் முன்பு அறிவிக்க வேண்டும், அதற்குள் நகராட்சி ஆட்சேபித்து ஆணை போடாவிட்டால் வெட்டலாம். உறங்கும் அலுவலகத்தால் குடிமக்கள் தவிப்பதில்லை, விழித்திருக்கும் அலுவலகம் நல்ல மரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அமலாக்கத்தில் இரண்டே விஷயம். ஒன்று, பிணைத்தொகை. மரத்தின் மதிப்புக்கு ஈடான பணத்தை வேலை தொடங்குமுன் வாங்கிவைத்து, பணி நிறைவன்று தராமல், குறைந்தது இரண்டு ஆண்டு கழித்து மரத்தைப் பார்த்தபின் திருப்பித் தர வேண்டும். வேர்க்காயம் தாமதமாகத் தெரிவதற்கு இதைவிட நேரடியான பதில் இல்லை. மற்றொன்று, மர அறிக்கை எழுதும் நிபுணருக்குக் கூலி கொடுப்பது கட்டுமான நிறுவனம். 'நோயுற்ற மரம், அகற்றலாம்' என்ற வாசகம் எவ்வளவு தாராளமாக வருகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நகராட்சி தன் பட்டியலிலிருந்து நிபுணரை நியமித்து, கட்டணத்தை விண்ணப்பதாரரிடம் வசூலிப்பது எளிய மாற்று.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தெருவில் வரும் கட்டிடத்தின் வரைபடம் கையில் கிடைத்தால், 'மரம் தக்கவைக்கப்படும்' என்ற பச்சை வட்டத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த வட்டம் மரத்தின் உண்மையான பருமனுக்கேற்ற ஆரத்தில் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து, 12ஆல் பெருக்கிப் பாருங்கள். பேஸ்மெண்ட் தாளைத் தனியாகக் கேளுங்கள், அதன் சுவர் வட்டத்துக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். இப்போதைய தரைமட்டத்தையும் வரப்போகும் தரைமட்டத்தையும் ஒப்பிடுங்கள், ஒரு சாண் வேறுபாடுகூட விளக்கம் கேட்கத் தகுந்தது. வண்டிகள் எந்த வழியாக வரும், கம்பியும் ஜல்லியும் எங்கே குவியும், வேலையாட்கள் கொட்டகை எங்கே என்று கேளுங்கள். மனையில் மீதமுள்ள ஒரே காலி இடம் மரத்தடி என்றால் விடை உங்களுக்கே தெரிந்துவிடும். கழிவுநீர், மழைநீர், மின்கேபிள் பாதைகள் பெரும்பாலும் வேறு துறையின் வேறு தாளில் இருக்கும், விண்ணப்பத்தோடு சேர்ந்து வராது. ஆட்சேபக் கடிதத்தில் முதல் வரியாக அந்தத் தாளைக் கேளுங்கள்.